சப்ரகமுவ மலைச் சரிவில் பழைய ட்ரெயில் வண்டி

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் 'ட்ரெயில் வண்டி' என்று வழங்கும் மோட்டார் சைக்கிள், தார் காணாத பாதைக்கும் மழையில் அரிபட்ட தோட்டத்து வழிக்கும் ஏற்ப, எஞ்சின் நிலத்திலிருந்து உயர்ந்திருக்கவும், சைலன்சர் இருக்கையை ஒட்டி மேலேறிச் செல்லவும், சக்கரங்கள் பெரும்பாலும் முன்னே 21 அங்குலமும் பின்னே 18 அங்குலமும் அமையவும் செய்யப்பட்ட வகையாகும். ஹோண்டா எக்ஸ்எல் 125, எக்ஸ்எல் 185, யமஹா டிடி 125, சுசுகி டிஎஸ் 125 போன்றவை 1970களிலும் 1980களிலும் யப்பானிலிருந்து வெளிவந்தவை. அந்தத் தலைமுறையில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை நாற்பது வயதை நெருங்கியவை அல்லது கடந்தவை. இத்தகைய ஒன்றை முதன்முறையாக வாங்கும் ஒருவர் அதை எவ்வாறேனும் ஓடவைத்துவிடுவது கடினமன்று. இந்த மழைக்கும் இந்தச் சரிவுக்கும் ஈடுகொடுத்து நம்பிக்கையோடு ஓடுமாறு செய்வது வேறு வேலை. இப்பதிவு அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

தோட்டங்களுக்கு இவ்வகை வண்டி ஏன் தேவைப்பட்டது என்பது தோட்ட நிர்வாகத்தின் அன்றாட நடைமுறையைப் பார்த்தால் விளங்கும். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது தொழிலாளரைப் பெயர் கூப்பிட்டு மலைகளுக்குப் பிரித்தனுப்பும் கூட்டத்துக்கு, வந்து நிற்கவேண்டிய சின்னத்துரை, அதாவது உதவித் தோட்ட அதிகாரி, அதன்பின் டிவிசன் டிவிசனாக ஏறி இறங்கி, கொழுந்து மடுவத்தில் நிறுவையைப் பார்த்து, பெக்டரிக்கும் போய்த் திரும்பவேண்டியிருந்ததால், முன்பு குதிரை செய்த வேலை காலப்போக்கில் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது. முதலில் பிரித்தானிய வண்டிகளும் பின்னர் யப்பானிய வண்டிகளும் அந்த வேலையை ஏற்றன. இரண்டுக்கும் இடையே எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. 1948இல் பிஎஸ்ஏ நிறுவனம் வெளியிட்ட பான்டம், ஜெர்மனியின் டிகேடபிள்யூ போருக்குமுன் வடிவமைத்த ஆர்டி 125 என்ற சிறிய வண்டியை ஒட்டியது. 1955இல் வந்த யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1க்கும் அதே வடிவமைப்பே மூலம். அந்த யமஹா 1968இல் வெளியிட்ட டிடி-1, வீதியிலும் காட்டுப் பாதையிலும் ஒருங்கே ஓடும் இலேசான வண்டிக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட, ஹோண்டா 1972இல் நான்கு வால்வு கொண்ட எக்ஸ்எல் 250ஐக் கொண்டுவந்தது. தோட்டங்களில் கண்ட சிறிய எக்ஸ்எல் வண்டிகள் அந்த வரிசையின் பின்வந்தவை.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தி, 2025இன் தொடக்கத்தில்தான் அதைத் தளர்த்தியது என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளில் கொட்டிலில் மறந்து கிடந்த பழைய வண்டிகளுக்கும் மதிப்பு வந்தது. வாங்குமுன் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது முதற்கடமை. பொருந்தாத வண்டியை வாங்கியவர் பின்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் படும் அலைச்சலுக்கு எந்த மலிவு விலையும் ஈடாகாது. 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையின் சான்று இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும், ஆயினும் கீழே சொல்லப்படும் வேலைகளை ஒழுங்காகச் செய்த வண்டிக்கு அப்பரிசோதனை பெரிய தடையாக இராது.

புதியவர் மனத்திற் பதிக்கவேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. பழைய வண்டி மோசமாக ஓடுவதற்கு அதன் வயது காரணமாவதைவிட, இடைக்காலத்தில் அதைத் தொட்ட பல கைகளின் அவசர ஒட்டுவேலை காரணமாவதே மிகுதி. எவரோ ஒருவர் எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றி எறிந்திருப்பார். அதனால் காற்று மிகுந்து எஞ்சின் திணற, அடுத்தவர் பெரிய ஜெட்டைப் போட்டுப் பெற்றோலை மிகுத்திருப்பார். அதனால் ப்ளக் கரிபிடிக்க, மூன்றாமவர் சூடான வகைப் ப்ளக்கை மாட்டியிருப்பார். இந்த மூன்று பிழைகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒருவாறு ஓடும் வண்டியைப் புதியவர் வாங்கி, அவற்றின்மேல் நான்காவதாகப் புதுக் காபுரேட்டர் ஒன்றை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. செய்யவேண்டியதோ, அந்த மாதிரிக்கு உரிய வேர்க்‌ஷொப் மெனுவலை, அதாவது நிறுவனமே பழுதுபார்ப்போருக்காக அச்சிட்ட அளவுக் கையேட்டைத் தேடியெடுத்து, தொழிற்சாலை வைத்த நிலைக்கு ஒவ்வோர் உறுப்பாக வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவதே. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, குறிப்பெழுதி, அதன்பின் அடுத்ததைத் தொடுபவருக்கு எது எதனால் சரியானது என்று தெரியும்; இரண்டை ஒருங்கே மாற்றியவருக்கு அது தெரிய வழியே இல்லை.

வேலை பெற்றோல் ரேங்கிலிருந்து தொடங்கவேண்டும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், அரை வெறுமையாகக் கிடக்கும் ரேங்கினுள் ஈரக்காற்றின் நீர் படிந்து துருவாவது இயல்பு. அத்துரு பொடியாகி இறங்கிக் காபுரேட்டரை அடைப்பதால், ரேங்கைத் துப்புரவாக்காமல் காபுரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தேங்காய் வினாகிரியை ரேங்க் நிறைய ஊற்றி ஓரிரு நாள் விட்டுவைத்தால் துரு இளகும். பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, நன்கு கழுவி, உடனே வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்தி, உள்ளே சிறிது ஒயில் விட்டு எல்லாப் பக்கமும் படுமாறு உருட்டவேண்டும். உலர்த்துவதில் தாமதித்தால் சில மணி நேரத்திலேயே புதிய துரு படரத் தொடங்கிவிடும். ரேங்கின் அடியிலுள்ள பெற்றோல் டெப்பின் வலைச் சல்லடையையும் அதே வேளையில் கழுவிவிடலாம்.

பெற்றோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்குத் தரும் உறுப்பே காபுரேட்டர். அதனுள் பித்தளையாற் செய்த சிறு திருகுகள் போன்ற ஜெட்டுகள் உள்ளன. அவற்றின் நடுவே துளைத்த நுண்ணிய ஓட்டையே பெற்றோலை அளந்து விடுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கி வேகமாக ஓடும்போது பெரிய மெயின் ஜெட்டும், ஐட்லிலும் மெதுவோட்டத்திலும் சிறிய பைலட் ஜெட்டும் வேலை செய்கின்றன. ஹோண்டா பயன்படுத்திய கெய்ஹின் காபுரேட்டரின் பைலட் ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் அதன் துளை 0.38 மில்லிமீற்றர், ஒரு தையல் ஊசியின் முனை மட்டுமே நுழையக்கூடிய அந்தத் துளையில், ஆண்டுக்கணக்கில் நின்ற பெற்றோல் ஆவியாகி எஞ்சிய பழுப்புப் பிசின் ஒரு மெல்லிய தோலாகப் படிந்தாலே போதும், எஞ்சின் குளிரில் கிளம்பாது, கிளம்பினாலும் ஐட்லில் நில்லாது, சோக்கை இழுத்துவைத்தால் மட்டும் ஓடும். சோக் என்பது காற்றைக் குறைத்துக் கலவையில் பெற்றோலை மிகுக்கும் ஏற்பாடு. ஆகவே சோக்கோடு மட்டும் ஓடும் வண்டி பெற்றோல் போதவில்லை என்று தானே சொல்கிறது. அதன் பொருள் பெரும்பாலும் பைலட் ஜெட் அடைப்பே. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாக, கூரிய விளிம்போடு தெரியவேண்டும். தெரியாவிட்டால் காபுரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிப்பதும், அதற்கும் இளகாவிட்டால் மின்கம்பியின் உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றால் மெதுவாகத் துடைப்பதும் தகும். இரும்பு ஊசியால் குத்துவது தகாது, ஏனெனில் பித்தளை மென்மையானது; துளை நூறில் சில பங்கு மில்லிமீற்றர் அகன்றாலும் ஜெட்டின் அளவு மாறிவிடும்.

காற்று வரும் வழியில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. எயார் கிளீனரிலுள்ள பஞ்சு, பழைய வண்டிகளில் தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும்; அந்தத் துணுக்குகள் எஞ்சினுள் போகாதபடி புதுப் பஞ்சு வெட்டிவைத்து, அதற்குரிய ஒயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டவேண்டும். காபுரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இறப்பர்க் குழாய் வெடித்திருந்தால் அளக்கப்படாத காற்று உட்புகுந்து கலவையை மெலிதாக்கும். ஐட்லில் ஓடும் எஞ்சினின் அவ்விடத்தில் மிகச் சிறிதளவு காபுரேட்டர் கிளீனரைப் பீச்சும்போது ஓட்டத்தின் ஒலி மாறினால் அங்கே கசிவு உண்டென அறியலாம். சூடான சைலன்சர் அருகிலிருப்பதால் இச்சோதனையில் அளவும் எச்சரிக்கையும் வேண்டும்.

மின்பொறியைப் பொறுத்தவரை, புதிய ப்ளக் ஒன்றை மாட்டிச் சில கிலோமீற்றர் ஓட்டிக் கழற்றிப் பார்ப்பதைப் போல எளிய சோதனை வேறில்லை: வெளிர் பழுப்பு நன்று, உலர்ந்த கரி பெற்றோல் மிகுதியையும், வெண்மை காற்று மிகுதியையும் காட்டும். சிறிய எக்ஸ்எல் எஞ்சின்களுக்குரிய என்ஜிகே டி8இஏ ப்ளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பழைய மாதிரிகளில் பொறி எழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்ட் என்ற தொடுமுனைகள் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை திறக்கவேண்டும். அவற்றின் முகம் குழிவிழுந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. ஆயினும் சப்ரகமுவவில் மின்சாரக் கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பங்கு தண்ணீர்க் கோளாறுதான். வெடித்த ப்ளக் வயரிலும் தளர்ந்த ப்ளக் தொப்பியிலும் மழைநீர் ஏறினால் மின்சாரம் ப்ளக்குக்குப் போகாமல் எஞ்சினின் உடலுக்கே தாவிவிடும். இரவில் விளக்கின்றி எஞ்சினை ஓடவிட்டு, அந்த வயரின்மேல் தண்ணீரை இலேசாகத் தெளித்தால் நீலப் பொறி ஓடும் இடம் கண்ணுக்கே தெரியும். கை மட்டும் அண்டலாகாது. ஆறு வோல்ட் பற்றரி கொண்ட வண்டிகளின் முன்விளக்கு மங்கலாக எரிவதும் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் இணைப்பினால்தான்.

எஞ்சினைத் திறக்கவேண்டும் என்ற ஆசை புதியவருக்கு விரைவிலேயே வரும், அதைத் தள்ளிப்போட்டு முதலில் டெப்பட்டைப் பார்க்கவேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் வால்வைத் தள்ளும் ராக்கருக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே விடப்படும் டெப்பட் இடைவெளி, சிறிய எஞ்சின்களில் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரையே. இது இல்லாமற் போனால் வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் குறைந்து, 'எஞ்சின் போய்விட்டது' என்று கராஜில் முடிவுகட்டும் நிலை வரும். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போது இடப்பக்க மூடியைத் திறந்து, பிளைவீலைச் சுற்றி, அதிலுள்ள 'டி' குறியை மூடியிலுள்ள அடையாளத்துக்கு நேரே நிறுத்தி, ராக்கர்கள் இரண்டையும் விரலால் ஆட்டிப் பார்க்கவேண்டும். இரண்டும் சற்றே ஆடினால் அளக்கலாம், இறுகியிருந்தால் வண்டி வேறு வீச்சில் நிற்கிறது, இன்னுமொரு முழுச் சுற்றுத் தேவை. இந்தச் சிறு வேலை ஒன்றினாலேயே உயிர்பெற்று எழும் எஞ்சின்கள் உண்டு. ஒயிலில் ஜேஎஎஸ்ஓ எம்ஏ என்ற தரக்குறி இருக்கவேண்டும், ஏனெனில் இவ்வண்டிகளின் கிளச் எஞ்சின் ஒயிலிலேயே மூழ்கியிருப்பது. காருக்கென வழுக்கும் சேர்மானம் கலந்த ஒயிலை விட்டால் ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி ஏறாது.

இரு வீச்சு வண்டியில் டெப்பட் வைக்கவேண்டிய இத்தகைய வால்வு இல்லை. பெற்றோலோடு சேர்ந்து எரியும் ஒயிலே பிஸ்டனுக்குக் காப்பு. யமஹாவின் ஆட்டோலூப், சுசுகியின் சிசிஐ எனப்படுபவை தனி ரேங்கிலிருந்து அந்த ஒயிலை அளந்து விடும் பம்புகள். நெடுங்காலம் நின்ற வண்டியில் அந்தப் பம்பை நம்பி ஓட்டத் தொடங்குவது ஆபத்து. ஒயில் குழாயில் குமிழி இல்லாமல் ஒயில் நகர்வதைக் கண்ணால் காணும்வரை, பெற்றோலிலேயே இரு வீச்சு ஒயிலைக் கலந்து ஓட்டுவதே புத்தி.

இவை யாவற்றுக்கும் கருவி பெரிதாகத் தேவையில்லை, ஒன்றைத் தவிர. யப்பானிய வண்டிகளின் மூடிகளை இறுக்கும் நட்சத்திரத் தலைத் திருகுகள், சாதாரணமாகக் கடையில் வாங்கும் நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரின் முனைக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. அவை ஜேஐஎஸ் என்ற யப்பானியத் தரத்தின்படி வெட்டப்பட்டவை. பொருந்தாத முனை நழுவி மேலேறித் தலையை வழித்துவிடும். வழிந்த தலையைக் கண்டவுடன் அந்த வண்டியை முன்பு தொட்டவர் எத்தகையவர் என்று அறியலாம். ஜேஐஎஸ் முனையும், சுத்தியலால் தட்டும்போது தானே திருகும் இம்பெக்ட் டிரைவரும், முந்தைய இரவே விட்ட துரு இளக்கும் ஒயிலும் சேர்ந்தால் நாற்பதாண்டு இறுகிய திருகும் கழலும்.

ஓடும் வண்டி கைக்கு வந்ததும் மனம் வேகத்தின்மேல் போகும். தோட்டத்துச் சாலையிலோ உயிரைக் காப்பது நிற்கும் ஆற்றல். வேவல்வத்தைப் பக்கத்திலிருந்து இரத்தினபுரிக்கோ, ஹல்கொல்லையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கோ இறங்குபவருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. இவ்வண்டிகளின் டிரம் பிரேக், சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இரு சூக்கள் விரிந்து அழுத்துவதால் வேலை செய்கிறது. ஓடையைக் கடக்கும்போது உள்ளே நீர் புகுந்தால் சிறிது தூரத்துக்குப் பிடிக்காது. கரையேறியதும் பிரேக்கை இலேசாக அழுத்தியபடியே மெதுவாக ஓட்டி, சூட்டினால் உலரவிட்ட பின்னரே இறக்கத்தில் இறங்கவேண்டும். பழைய சூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் உள்ளே படிந்த தூளை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, ஈரத் துணியால் துடைத்து எறியவேண்டும். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினையே பிடியாகப் பயன்படுத்துவது நான்கு வீச்சு வண்டிக்கு நன்கு பொருந்தும்; பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் இரு வீச்சு வண்டியிலோ ஆக்சிலேட்டரை முற்றாக மூடினால் ஒயிலும் நின்றுவிடுமாகையால் இடையிடையே சற்றே முறுக்கிக் கொடுக்கவேண்டும்.

வண்டி நீரில் மூழ்கி நின்றுவிட்டால் கிக்கரை மிதிப்பது பெருந்தவறு. நீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பலமாக மிதித்தால் கனெக்டிங் ரொட் வளையக்கூடும். ப்ளக்கைக் கழற்றி, மெதுவாகக் கிக்கரை அழுத்தி நீரை வெளியேற்றி, எயார் கிளீனர் பெட்டியின் வடிதுளையைத் திறந்து, ஒயில் பால்போல் வெளிறியிருந்தால் அதையும் மாற்றியபின்தான் முயலவேண்டும்.

உயரம் பற்றியும் ஒரு சொல். பெலிஹுல்ஓயாவுக்கு மேலே நொன்பரீல் தோட்டத்தின் பாதையில் ஏறுபவர், ஆயிரம் மீற்றர் ஏற்றத்துக்கு ஏறக்குறையப் பத்து வீதம் காற்று அடர்த்தி குறைவதை எஞ்சினின் சோர்விலிருந்தே உணர்வார். கீழே சரியாக இருந்த கலவை மேலே பெற்றோல் மிகுந்ததாகிறது. அங்கேயே குடியிருப்பவர் மெயின் ஜெட்டை ஓரளவு சிறிதாக்கலாம், போய்வருபவர் அதைத் தொடவேண்டியதில்லை. ஏற்றத்தில் இழுவை போதாதென்றால் எஞ்சினைப் பெரிதாக்க முனையாமல், முன் ஸ்ப்ரொக்கட்டில் 14 பல்லுக்குப் பதில் 13 பல் போடலாம். ஏறக்குறைய எட்டு வீதம் இழுவை கூடும், ஏறக்குறைய ஏழு வீதம் வேகம் குறையும், தோட்டத்தில் அந்த வேகம் எவருக்கும் தேவைப்படுவதில்லை.

உதிரிப்பாகம் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போவது வழக்கம். ஆயினும் இரத்தினபுரி, பெல்மதுளை, கஹவத்தைப் பகுதிகளில் இரத்தினக்கல் குழிகளின் நீரை இறைக்கும் சிறிய பம்பு எஞ்சின்களைச் சேற்றுக்குள்ளேயே பிரித்துப் பூட்டிப் பழகிய பாஸ்மார், அதாவது மெக்கானிக்குகள், உண்டு. காபுரேட்டரும் பாயின்ட்டும் அவர்களுக்குப் பழைய பண்டங்கள் அல்ல, அன்றாட வேலை. அத்தகைய ஒருவரின் அருகே நின்று பார்த்துக் கற்பது புதியவருக்குப் பெரும் பேறு. கழற்றிய பழைய பாகத்தை, அது எத்தனை தேய்ந்ததாயினும், எறியாமல் பெயரெழுதி வைத்துக்கொள்வதும் அவர்களிடம் கற்கவேண்டிய பழக்கமே, ஏனெனில் புதிதாக வாங்கியது பொருந்தாதபோது அளவெடுக்க அது ஒன்றே மிஞ்சும். தோட்டங்களின் சின்னத்துரைமாரும் உத்தியோகத்தரும் ஓட்டிய இவ்வண்டிகளை வெட்டி ஒட்டி வேறு உருவாக்கும் போக்கு இப்போது பரவிவருவது வருந்தத்தக்கது. மலையகத்தின் உழைப்பு வரலாற்றில் அவற்றுக்கும் இடமுண்டு, உருக்குலைந்த வண்டியிலிருந்து அந்த வரலாற்றை எவரும் படிக்க முடியாது. சேர்த்துப் பூட்டிய வண்டியில் முதற்சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்தவற்றை இறுக்கவும், டெப்பட்டை மறுபடி அளக்கவும், ஒயிலை மாற்றி அதில் வந்த உலோகத் தூளைப் பார்க்கவும் வேண்டும். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்குமாகையால் இவ்வேலையைச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குள் முடித்துக்கொள்வது வசதி.